புதுச்சேரிச் சுறா எங்கே போயிற்று?

நெய்வேலியில் கடல் இல்லை. பூமியை வெட்டி எடுத்த பிரம்மாண்டமான பள்ளம் உண்டு. பழுப்பு நிலக்கரி உண்டு. இரவு பகல் ஓயாத இயந்திரங்கள் உண்டு. கடல் மட்டும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்நகரின் மீன் கடைகளுக்குச் சென்று பார்ப்பவருக்கு, கடல் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற நினைவே வராது. கடலூர் முதுநகரிலிருந்தும் பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்தும் ஐஸ் பெட்டிகளில் வந்து இறங்கிய மீன் வகைகள் பலகைகளில் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். வஞ்சிரம் ஒரு பக்கம், சங்கரா ஒரு பக்கம், நெத்திலியும் இறாலும் குவியல் குவியலாக மற்றொரு பக்கம்.

இவற்றுக்கு நடுவே, முழங்கை நீளத்தில், சாம்பல் நிறத்தில், சிறு சிறு சுறாக்களும் கிடக்கும். பிள்ளை பெற்ற பெண் இருக்கும் வீட்டார் இவற்றைத் தேடி வந்து வாங்குவார்கள்.

"இது என்ன சுறா, அம்மா?" என்று கேட்டால், "பால்சுறாதாங்க, புட்டுக்கு நல்லா இருக்கும்" என்று பதில் வரும்.

அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் வாங்குபவருக்கு இல்லை.

அந்தப் பதில் சரியாகவே இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். அதைச் சரிபார்க்க ஆள் கிடையாது. மீன் இறங்கும் துறையிலும் கிடையாது, ஏலம் விடும் இடத்திலும் கிடையாது, கடையிலும் கிடையாது. சின்ன விஷயமாகத் தோன்றும் இதில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. நெய்வேலியிலிருந்து 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் புதுச்சேரியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஒரு சிறு சுறா உண்டு. 1979-ம் ஆண்டுக்குப் பிறகு, ஐயத்துக்கு இடமில்லாதபடி, அது எவர் கையிலும் அகப்படவில்லை. அது அற்றுப் போய்விட்டதா, அல்லது "பால்சுறா" என்ற பெயரில் எங்கேனும் ஒரு பலகையில் துண்டு போடப்பட்டுக்கொண்டிருக்கிறதா? இதற்கு இன்று எவராலும் விடை சொல்ல முடியவில்லை.

பெயர் வந்த கதை

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலம் அது. ஐரோப்பிய விஞ்ஞானிகள் உலகத்தின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் செடிகளையும் பறவைகளையும் மீன்களையும் சேகரித்துப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தார்கள். சாராயத்தில் ஊறவைத்தும், தோலை உரித்துப் பாடம் செய்தும், கப்பல் கப்பலாகப் பாரிஸுக்கும் லண்டனுக்கும் பெர்லினுக்கும் அவை சென்றன.

அப்படிச் சென்றவற்றில் புதுச்சேரிக் கடலில் பிடிபட்ட ஒரு சிறு சுறாவும் இருந்தது. முல்லர், ஹென்லே என்ற ஜெர்மானிய அறிஞர்கள் இருவர், சுறா, திருக்கை இனங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார்கள். பாரிஸ் நகரத்து வாலன்சியேன் என்ற மீனியல் அறிஞர் அந்தச் சுறாவுக்குக் கொடுத்த பெயரும் விவரமும் 1839-ம் ஆண்டில் அந்த நூல் மூலமாக வெளிவந்தன. ஊரின் பெயர் பொதுப் பெயராயிற்று: புதுச்சேரிச் சுறா.

அதன் விஞ்ஞானப் பெயர் கார்காரைனஸ் ஹெமியோடான். "ஹெமியோடான்" என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பாதிப் பல் என்று பொருள். மேல் தாடையில் உள்ள பல்லின் நுனி வழவழப்பாக இருக்கும். அடிப்பாகத்தில் மட்டும் முட்கள் போன்ற கூர்கள் இருக்கும். ரம்பத்தில் பாதியைத் தேய்த்து விட்டாற்போல் இருக்கும் இந்தப் பல்தான் இதன் முக்கிய அடையாளம்.

மற்ற அடையாளங்களும் உண்டு. முழு வளர்ச்சி அடைந்தாலும் நீளம் 1 மீட்டர் அளவே. முதுகு சாம்பல் நிறம், வயிறு வெள்ளை. மார்புத் துடுப்புகள், முதுகில் உள்ள இரண்டாவது சிறு துடுப்பு, வால் ஆகியவற்றின் நுனிகள் மையில் தோய்த்து எடுத்தது போலக் கருத்திருக்கும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் நமது கடலில் துடுப்பு நுனி கருத்த சுறா இனங்கள் வேறு பல இருக்கின்றன. அவற்றின் குட்டிகளும் இதே அளவு, இதே நிறம். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாலொழிய வேறுபாடு தெரியாது. விடியற்காலை ஏலத்தில், ஐஸ் உருகும் அவசரத்தில், சுறாவின் பல்லை எண்ணிக்கொண்டிருப்பவர் யார்?

இருபதுக்கும் குறைவு

உலகம் முழுவதும் உள்ள பொருட்காட்சி சாலைகளை எல்லாம் சல்லடை போட்டுச் சலித்தாலும், புதுச்சேரிச் சுறாவின் மாதிரிகள் இருபதுக்கும் குறைவாகவே தேறுகின்றன. அவையும் ஒரே இடத்தில் பிடித்தவை அல்ல. இந்தியக் கரையில் சில. பாகிஸ்தான் பக்கம் சில. கிழக்கே போர்னியோ, நியூகினி வரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில. இவற்றில் பெரும்பாலானவை மிகப் பழையவை.

இந்தச் சுறா என்ன தின்கிறது, எந்த மாதத்தில் குட்டி போடுகிறது, எத்தனை குட்டி போடுகிறது, ஆற்று முகத்துவாரங்களுக்குள் நுழையுமா? இவற்றைத் திட்டமாக எழுதி வைத்தவர் இல்லை. கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலில் வாழ்வது என்பதே உறுதியாகச் சொல்லக்கூடிய செய்தி. பெயர் வைத்தார்கள், சாடியில் போட்டு மூடினார்கள். வாழ்க்கையைப் படிப்பதற்கு முன் மீன் மறைந்துவிட்டது.

இடையிடையே "கண்டோம்" என்ற குரல் எழாமல் இல்லை. 2011-ம் ஆண்டில் இலங்கையின் தென்கிழக்கே மாணிக்க கங்கையில் காணப்பட்டதாக ஒரு செய்தி வந்தது. இந்தியாவின் ஆற்று முகத்துவாரங்களிலிருந்தும் இப்படிச் செய்திகள் உண்டு. ஆனால் நிபுணர்கள் ஒருமுகமாக ஏற்கத்தக்க அத்தாட்சி இதுவரை சேரவில்லை. 2017-ம் ஆண்டில் ஒரு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஸ்தாபனம், உலகம் தேடவேண்டிய காணாமற்போன உயிரினங்கள் 25 என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. புதுச்சேரிச் சுறாவும் அதில் ஒன்று. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில், அழிவுக்கு மிக அருகில் நிற்கும் இனங்களின் வரிசையில் அது இடம் பெற்றிருக்கிறது.

ஏன் குறைந்தது?

சுறா என்றதும் மனிதனை விழுங்கும் பூதம் என்ற எண்ணமே பலருக்கு வரும். உண்மையில், சுறாவை மனிதன் விழுங்கும் கதையே பெரிது. 2021-ம் ஆண்டில் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் அபாயத்தில் இருப்பதாகக் கணக்கிட்டது. அளவுக்கு மீறிப் பிடிப்பதே தலையாய காரணம் என்று அது கூறியது.

மத்தியும் பிடிக்கிறோம், நெத்திலியும் பிடிக்கிறோம். அவை அற்றுப் போகவில்லையே என்று கேட்கலாம். விடை பிரசவத்தில் இருக்கிறது. மத்தி ஒரு பருவத்தில் பல்லாயிரம் முட்டைகளைக் கடலில் சிதறிவிடும். புதுச்சேரிச் சுறாவின் குடும்பத்தைச் சேர்ந்த மீன்களோ, முட்டையிடும் மீன்களைப் போன்றவை அல்ல. பசுவையும் ஆட்டையும் போல வயிற்றில் சுமந்து குட்டி போடுபவை. பால்சுறா என்று நூல்களில் குறிக்கப்படும் இனத்தை எடுத்துக்கொண்டால், தாய்க்கும் குட்டிக்கும் இடையே கொப்பூழ்க்கொடியே இருக்கிறது. ஏறக்குறைய ஓர் ஆண்டு சுமந்து, விரல் விட்டு எண்ணக்கூடிய சில குட்டிகளையே ஈனுகிறது. ஈனுவதும் பெரும்பாலும் கரையோரத்தில்தான். பெரிய மீன்களுக்கு எட்டாத ஆழமில்லாத நீரில் குட்டிகள் வளரவேண்டும் என்பது இயற்கையின் ஏற்பாடு.

அந்த ஏற்பாடே இப்போது எமனாகிவிட்டது. கட்டுமரமும் பாய்மரமும் இருந்த நாளில் வலையின் கைக்கு ஓர் எல்லை இருந்தது. 1950-களுக்குப் பிறகு விசைப்படகும், கடலடியைத் துடைத்து வரும் இழுவை வலையும் இந்தியக் கரைகளில் பரவின. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. இறால் இருக்கும் இடம் கரையோரம். சுறாக்குட்டி வளரும் இடமும் அதுவே. இறாலுக்குப் போட்ட வலையில் சுறாக்குட்டியும் வந்தது. வந்ததைக் கடலில் எறிய வேண்டியதில்லை. அதற்கும் விலை உண்டு.

சுறா வேட்டைக்கு வேறு தூண்டுதல்களும் இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவிலிருந்து காட் மீன் எண்ணெய் வருவது தடைப்பட்டது. அந்தக் குறையை நிரப்பச் சுறா ஈரல் எண்ணெய் நமது நாட்டிலேயே தயாராயிற்று. பின்னர்ச் சீன தேசத்து விருந்துகளுக்காகச் சுறாத் துடுப்பு கப்பலேறியது. உலகில் சுறா அதிகம் பிடிக்கும் நாடுகளில் இந்தியா முன்வரிசைக்கு வந்தது.

துடுப்பு ஏற்றுமதியை 2015-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தடை செய்தது. அதற்கு முன்பே, 2013-ம் ஆண்டில், துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசக்கூடாது என்று உத்தரவு பிறந்தது. இரண்டும் நல்ல உத்தரவுகள். ஆனால் இவை பெரிய சுறாக்களுக்குப் பயன்படுமே அன்றி, முழங்கை நீளச் சுறாவுக்கு அதிகம் உதவமாட்டா. சின்னச் சுறாவைத் துடுப்புக்காக யாரும் பிடிப்பதில்லை. அது சமையலுக்குப் போகிறது. அதன் சந்தை ஹாங்காங்கில் இல்லை. கடலூரிலும் சிதம்பரத்திலும் விருத்தாசலத்திலும் நெய்வேலியிலும் இருக்கிறது.

சட்டம் படும் பாடு

புதுச்சேரிச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே உச்சப் பாதுகாப்பு இதற்கும் உண்டு. அது வந்த விதம் சுவையானது.

2001-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய அரசாங்கம், சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் ஒரேயடியாக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. கடற்கரை எங்கும் கொந்தளிப்பு ஏற்பட்டது. சுறாவையும் திருக்கையையும் நம்பி வாழும் மீனவர் குடும்பங்கள் ஒரே நாளில் குற்றவாளிகளாகி விடுமே என்ற கூக்குரல் எழுந்தது. அதில் நியாயம் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் உத்தரவைத் திருத்தியது. 10 இனங்கள் மட்டும் அட்டவணையில் தங்கின. அந்தப் பத்தில் ஒன்று புதுச்சேரிச் சுறா.

2022-ம் ஆண்டில் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, 2023-ம் ஆண்டு ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. முதல் அட்டவணையில் உள்ள பிராணியை வேட்டையாடினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரையில் சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். நாடுகளுக்கு இடையே நடக்கும் வியாபாரத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்திலும், புதுச்சேரிச் சுறா சேர்ந்த குடும்பம் முழுவதும் 2022-ம் ஆண்டில் சேர்க்கப்பட்டு, 2023 நவம்பரில் அந்த விதி நடைமுறைக்கு வந்தது. பால்சுறாவும் அந்தக் குடும்பமே.

ஆகவே ஏட்டில் குறைவில்லை. குறை இருப்பது கரையில்.

ஒரு மீனவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வலையை இழுக்கும்போது அதில் விசித்திரமான ஒரு சிறு சுறா செத்துக் கிடக்கிறது. இது வழக்கமான மீன் அல்லவே என்று அவருக்குத் தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கடலில் வளர்ந்த கண் அது, எளிதில் ஏமாறாது. அவர் என்ன செய்வார்? கரைக்குக் கொண்டுவந்து காட்டினால், "இதைப் பிடித்தது நீதானே?" என்ற கேள்வி முதலில் வரும். தானாக வந்து சிக்கியதா, வேண்டுமென்று பிடித்ததா என்பதைக் கரையில் நின்று நிரூபிப்பது எப்படி? படகும் வலையும் கடன். கோர்ட்டு வாசலில் நிற்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஆகையால் அவர் மீனைக் கடலிலேயே தள்ளிவிடலாம். அல்லது தலையை வெட்டி மற்றவற்றோடு கலந்து விடலாம். இரண்டில் எதைச் செய்தாலும் செய்தி செத்துவிடும்.

மீனைக் காப்பாற்றப் பிறந்த சட்டம், மீனைப் பற்றிய தகவல் வெளியே வரும் வழியை அடைத்து நிற்கிறது. இதுதான் இந்த விவகாரத்தின் முடிச்சு. புலியைக் காட்டில் வன அதிகாரி தேடலாம். காமிரா வைத்துப் படம் பிடிக்கலாம். கரையோரச் சுறாவைத் தேடும் ஒரே காமிரா மீனவரின் கண். அந்தக் கண்ணை மிரட்டினால் பார்ப்பது நின்றுவிடாது; சொல்வது நின்றுவிடும்.

குஜராத் காட்டிய வழி

இந்த முடிச்சை அவிழ்க்க முடியாதா? முடியும் என்பதற்கு நமது நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

குஜராத் கரையில் திமிங்கிலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காக வேட்டையாடி வந்தார்கள். 2001-ம் ஆண்டில் அதற்கும் தடை வந்தது. தடையோடு விட்டிருந்தால் வேட்டை இருட்டில் நடந்திருக்கும். 2004-ம் ஆண்டில் ஒரு பிரசாரம் தொடங்கியது. இராம கதை சொல்வதில் பிரசித்தி பெற்ற மொராரி பாபு அதற்கு முன்வந்தார். பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வரும் மகளை எந்தக் குடும்பமாவது கொல்லுமா என்ற பொருள்பட அவர் பேசினார். "வாலி", அதாவது செல்லப் பெண், என்று மீனுக்குப் பெயரே வந்துவிட்டது. உள்ளம் இளகியது, ஆனால் உள்ளத்தோடு நிறுத்தவில்லை. சிக்கிய மீனை விடுவிக்க வலையை அறுத்தால், அந்த நஷ்டத்துக்கு வனத்துறை ஈடு கொடுத்தது. மீனவர் கையிலேயே காமிரா தந்து, தாமே படம் எடுத்து அத்தாட்சி காட்டச் செய்தார்கள். அதன் பிறகு நூற்றுக்கணக்கான திமிங்கிலச் சுறாக்கள் வலையிலிருந்து உயிரோடு திரும்பிச் சென்றிருக்கின்றன. வேட்டைக்காரராக இருந்தவரே காவல்காரரும் கணக்கப்பிள்ளையும் ஆனார்.

தமிழ்நாட்டிலும் இந்த மனப்பான்மை வேரூன்றாமல் இல்லை. பாக் நீரிணையில் கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் 2022-ம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவித்த மீனவர்கள் பாராட்டும் பரிசும் பெற்றிருக்கிறார்கள்.

கடற்பசுவும் திமிங்கிலச் சுறாவும் பெரியவை. பார்த்த உடனே தெரிபவை. புதுச்சேரிச் சுறாவோ கூட்டத்தில் மறைந்து நிற்கும் சிறிய மீன். ஆகவே அதற்கு ஒரு படி மேலே போகவேண்டும். சந்தேகப்படும் மீனை, செத்திருந்தாலும் சரி, துறையில் ஒப்படைப்பவர் மீது வழக்கு இல்லை. விசாரணைத் தொல்லை இல்லை. அன்றைய சந்தை விலையும் கையில் கிடைக்கும் என்று எழுத்து மூலம் உறுதி வேண்டும். துடுப்பில் நகம் அளவு துண்டு இருந்தால் போதும். மரபணுப் பரிசோதனையால் இனத்தைத் தீர்மானித்துவிடலாம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1947-ம் ஆண்டில் மண்டபத்தில் தொடங்கி, பின்னர் கொச்சிக்கு மாறிய மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம், துறைகள் தோறும் மீன் வரத்தைக் கணக்கெடுத்து வருகிறது. நிபுணர்களுக்குப் பஞ்சம் இல்லை. நிபுணரின் மேஜைக்கும் மீனவரின் படகுக்கும் இடையே பயமில்லாத ஒரு பாதை வேண்டும், அதுதான் இல்லை.

கிணற்றில் வந்த கரும்பொருள்

இங்கே நெய்வேலியின் சொந்தக் கதையை நினைத்துப் பார்ப்பது பொருத்தம்.

1930-களில் இந்தப் பகுதியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாரின் நிலத்தில், கிணற்று வேலையின்போது தண்ணீரோடு கருநிறப் பொருள் ஒன்று வெளிப்பட்டது. வேறொருவராக இருந்தால், "நல்ல தண்ணீர் வரவில்லையே" என்று அலுத்துக்கொண்டு வேறு இடத்தில் தோண்டியிருப்பார். முதலியார் அப்படி விட்டுவிடவில்லை. அது என்ன என்று விசாரித்தார். அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டு போனார். பின்னர் நிபுணர்கள் வந்தார்கள், துளையிட்டுப் பார்த்தார்கள். 1956-ம் ஆண்டில் நிலக்கரிக் கம்பெனி பதிவாயிற்று. 1957-ம் ஆண்டில் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ம் ஆண்டில் முதல் நிலக்கரி கண்ணில் பட்டது. ஒரு நகரமே எழுந்தது. தமிழ்நாட்டுக்கு வெளிச்சம் கிடைத்தது.

ஒரு சாதாரண மனிதர் தாம் கண்ட விசித்திரத்தை மறைக்காமல் வெளியே சொன்னதில் தொடங்கியது அது. கரும்பொருள் வந்த கிணற்றுக்காரருக்கு 7 ஆண்டு சிறை என்று அன்று ஒரு சட்டம் இருந்திருந்தால்? கிணற்றை மண்ணிட்டு மூடியிருப்பார்கள். பூமிக்குள் இருந்த புதையல் பூமிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

நெய்வேலி, கணக்குப் பார்க்கத் தெரிந்த ஊர். எத்தனை டன் மண் அள்ளினோம், எத்தனை டன் கரி எடுத்தோம், எவ்வளவு நிலத்தடி நீர் இறைத்தோம், எத்தனை யூனிட் மின்சாரம் அனுப்பினோம் என்று நாள்தோறும் எழுதி வைக்கும் ஊர். அந்த ஊர்ச் சந்தைக்கு வரும் சுறா எந்த இனம், எத்தனை என்பதற்கு மட்டும் ஏடு இல்லை. இது நெய்வேலியின் குற்றம் அல்ல. தமிழ்நாட்டின் எந்தச் சந்தையிலும் இல்லை. ஆனால் பள்ளிகளும் பொறியாளர்களும் நிறைந்த ஓர் ஊரில் அந்த ஏட்டைத் தொடங்குவது கஷ்டமான காரியமா? ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்கு மாணவர்கள், ஒரு விலங்கியல் ஆசிரியர், ஓர் அளவுகோல், எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கும் கைப்பேசிக் காமிரா. கடைக்காரரைக் குறை சொல்லாமல், பெயர் கேட்காமல், மீனை மட்டும் படம் எடுத்து, நீளம் குறித்து, நிபுணருக்கு அனுப்பலாம். ஓராண்டில் எந்தெந்த மாதத்தில் எந்தெந்தக் குட்டிகள் வருகின்றன என்பதாவது தெரிந்துவிடும். புதுச்சேரிச் சுறா அகப்படாமலே போகலாம். அகப்படவில்லை என்று தேடிப் பார்த்துச் சொல்வதும் ஓர் அறிவு. தேடாமலே இல்லை என்பது வெறும் ஊகம்.

தாயும் சேயும்

கடைசியாக, அந்தச் சுறாப் புட்டைப் பற்றி ஒரு வார்த்தை.

பிரசவித்த பெண்ணுக்குப் பால் சுரக்கப் பால்சுறா கொடுப்பது தலைமுறை வழக்கம். பூண்டும் இஞ்சியும் தட்டிப் போட்டு, மகளுக்காகத் தாய் பார்த்துப் பார்த்துச் செய்யும் உணவு அது. அதைக் கேலி செய்வது எவருக்கும் அழகல்ல. நல்ல புரதம் உள்ள உணவு என்பதிலும் ஐயமில்லை. ஆனால் பால் சுரப்புக்கு முக்கியத் தூண்டுதல் குழந்தை அடிக்கடி வாய் வைத்து உறிஞ்சுவதே என்று மருத்துவம் சொல்கிறது. மேலும், சுறா மற்ற மீன்களைத் தின்று வாழும் மீன் ஆகையால், கடலில் கலந்த பாதரசம் அதன் சதையில் சேருகிறது; பெரிய மீனில் அதிகம், சிறிய மீனில் குறைவு. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. நெத்திலியும் மத்தியும் புரதத்தில் குறைந்தவை அல்ல. பாதரசம் மிகக் குறைவு. விலையும் கைக்கு அடக்கம்.

அசல் பால்சுறாவின் நிலைமையும் இப்போது திருப்தியாக இல்லை. செம்பட்டியலில் அதுவும் அபாயத்துக்கு இலக்கான இனமாக ஏறிவிட்டது. நேற்று வரை "கடலில் குறையாதது" என்று கருதப்பட்ட மீன் அது. புதுச்சேரிச் சுறாவும் ஒரு காலத்தில் அப்படிக் கருதப்பட்டிருக்குமோ, யார் கண்டது? அதற்கு முன்னோர் எழுதி வைத்த கணக்கு இல்லை. பால்சுறாவுக்காவது இந்தத் தலைமுறை கணக்கு எழுதி வைக்கலாம்.

பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தி பட்டினப்பாலையில் இருக்கிறது. வலையில் விழுந்ததைத் தின்ற மக்களே அதைத் தெய்வமாகவும் கும்பிட்டார்கள். தின்பதும் காப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர்கள் நினைக்கவில்லை. இன்றும் அவை பகை அல்ல. மீனவரைப் பகைத்துக்கொண்டு கடலைக் காத்தவர் எங்கும் இல்லை. கடலை வெறுமையாக்கிவிட்டு மீனவர் வாழ்ந்ததும் எங்கும் இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள், மீன் இனம் பெருகுவதற்காகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் துறையில் கட்டிக் கிடக்கின்றன. அந்த நாட்களில் வலை பின்னும் கைகளுக்கு நடுவே ஒரு படத்தைக் கொண்டுபோய்க் காட்டலாம். கருத்த துடுப்பு நுனி, பாதி ரம்பம் போன்ற பல், 1 மீட்டர் நீளம். "இதைப் பார்த்திருக்கிறீர்களா, பெரியவரே?" என்று கேட்கலாம். "பார்த்தால் சொல்லுங்கள், உங்களுக்கு ஒரு தொல்லையும் வராது" என்று அரசாங்கத்தின் வாக்குறுதியையும் கையில் கொடுக்கலாம்.

அந்த வாக்குறுதி கரைக்கு வந்து சேரும் வரையில், புதுச்சேரிச் சுறா இருக்கிறதா, இல்லையா என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. நெய்வேலிக் கடைப் பலகையில் கிடக்கும் மீனுக்குப் பால்சுறா என்பதே பெயராக இருக்கும்.